குவாய் நதிப் பாலமும் சுமை தூக்கிய நாலு பெண்களும்

சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதிலைத் தேடப் போன இடத்தில் கிடைத்தவற்றை வாசக சகோதரிகளோடும் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விடயம் சினிமா. ஆகவே அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தாலும் வாசிக்கலாம்.

எங்கள் குழு மாதத்தில் ஒரு சனிக்கிழமை கண்டியில் கூடுகிறது. சேமிப்புக் கணக்கு, கடன் தவணை, பிள்ளைகளின் பாடசாலைப் பிரச்சினை, கச்சேரிக்குக் கொடுத்த கடிதம் என்னவாயிற்று என்று காலை முழுவதும் பேசுவோம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம் போடுவது வழக்கம். இதை ஆரம்பித்த நாளிலேயே, “அழுவுற படம் மட்டும் வேணாம் மிஸ்” என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதனால் பெரும்பாலும் நகைச்சுவைப் படம்தான். சென்ற முறை மட்டும் என் விருப்பத்துக்கு ஒரு பழைய ஆங்கிலப் படத்தின் இறுவட்டைக் கொண்டு போனேன். ‘குவாய் நதிப் பாலம்’. 1957 இல் வெளியானது. யுத்தப் படம் என்றதும் சிலர் எழும்பப் பார்த்தார்கள். “இது எங்கட கித்துல்கலவில் எடுத்தது, பேராதனைப் பூங்காவும் வருகிறது” என்று சொன்ன பிறகே மறுபடி பாயில் உட்கார்ந்தார்கள்.

குழுவில் இருப்பவர்கள் பலதரப்பட்டவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், யுத்தம் முடிந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்த மலையகக் குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். கம்பளைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள அக்கா வருகிறார். 2000 இல் ஆனையிறவுச் சண்டையில் இராணுவத்தில் இருந்த கணவனை இழந்தவர். முல்லைத்தீவு அக்கா ஒருவர், மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் இங்கே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் கணவனைக் கடைசியாகக் கண்டவர்.

பாலத்தைப் பற்றிய படத்தை அவர் முன்னால் போடுவதற்கு முன் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அது என் பிழை. வெடிக்கிற காட்சிகள் வந்தபோது, “சத்தத்தைக் குறையுங்கோ மிஸ்” என்றார். குறைத்துவிட்டுக் கதவையும் திறந்து வைத்தேன். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. முழுப் படத்தையும், இரண்டு மணி நாற்பது நிமிடமும், கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் கேள்வி கேட்டதும் அவர்தான்.

“மிஸ், அந்த நாலு பிள்ளையளும் ஆர்? குண்டுச் சாமானெல்லாம் தூக்கிக்கொண்டு முழுக் காட்டையும் நடக்குதுகள். அதுகளின்ரை பேரைக்கூட ஒருத்தரும் கேட்கேல்லை.”

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943. சயாம் காட்டில் ஜப்பானியரின் முகாம். பிரிட்டிஷ் யுத்தக் கைதிகளைக் கொண்டு இரயில் பாதைக்கு ஒரு பாலம் கட்டுகிறார்கள். கைதிகளின் தலைவர் கேணல் நிக்கல்சன், அதிகாரிகள் கூலி வேலை செய்யமாட்டார்கள் என்று அடம்பிடித்து, தகரக் கூட்டுக்குள் வெயிலில் அடைபடுகிறார். கடைசியில் அவர் சொன்னபடியே நடக்கிறது. அதன் பிறகு அவருக்கு ஒரு விசித்திரமான பெருமை பிடிக்கிறது. எங்கள் ஒழுங்கையும் திறமையையும் காட்டுகிறேன் என்று எதிரிக்கே நல்ல உறுதியான பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். இதற்கிடையில் முகாமிலிருந்து தப்பிய ஷியர்ஸ் என்ற அமெரிக்கன் இலங்கைக்கு வந்து சேர்கிறான். அவனையே திரும்பக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாலத்தைத் தகர்க்க ஒரு சிறு படை புறப்படுகிறது. அந்தப் படையின் சுமைகளைத் தூக்கி வருகிறவர்கள்தான் அக்கா கேட்ட நாலு சயாம் பெண்கள்.

மூலக்கதை பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952 இல் வெளியிட்ட நாவல். அவர் யுத்தத்துக்கு முன் மலாயாவின் றப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அவருடைய நாவலில் இந்தப் பெண்கள் இல்லை. நாவலில் பாலமும் தகர்வதில்லை. படத்துக்காக இரண்டையும் மாற்றினார்கள். பெண் பாத்திரமே இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று கொலம்பியா நிறுவனத்தார் கவலைப்பட்டதால், வைத்தியசாலைத் தாதி ஒருத்தியோடு சின்னக் காதல் காட்சியும் சேர்க்கப்பட்டது. கல்கிஸ்ஸைக் கடற்கரை ஹோட்டல்தான் அந்த வைத்தியசாலை. ஆக, பெண்கள் கதைக்குத் தேவை என்று அல்ல, டிக்கட் விற்கத் தேவை என்றுதான் உள்ளே வந்திருக்கிறார்கள். தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த எமக்கு இது புதிதல்ல.

நடிகர்களைத் தேடிய கதை இதைவிடச் சுவையானது. நிக்கல்சனாக நடித்து ஒஸ்கார் வாங்கிய அலெக் கின்னஸ் முதலில் அந்த வேடத்தை வேண்டாம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தட்டிக் கழித்தவர். அவருக்கு முன் பேசப்பட்ட பெயர்களில் ஒருவர் சார்ள்ஸ் லோட்டன். பெரிய நடிகர், ஆனால் பெரிய உடம்பு. பட்டினி கிடக்கும் கைதியாக அவரை யார் நம்புவார்கள்? கடைசியில் சம்மதித்து வந்த கின்னஸுக்கும் இயக்குநர் டேவிட் லீனுக்கும் படம் முடியும்வரை சரிவரவில்லை. நிக்கல்சனைக் கொஞ்சம் நகைச்சுவையோடு, மனிதர் மேல் பிரியம் வருகிற மாதிரிச் செய்ய வேண்டும் என்று கின்னஸ் நினைத்தார். அப்படி வேண்டாம் என்றார் லீன்.

தகரக் கூட்டிலிருந்து வெளியே வரும் நிக்கல்சன், கால்கள் சொல் கேளாமல், ஆனாலும் நிமிர்ந்து நடக்க முயலும் ஒரு காட்சி இருக்கிறது. எங்கள் அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திப் பார்த்தது அதைத்தான். அந்த நடையைக் கின்னஸ் தன் மகனிடமிருந்து எடுத்தார். பிள்ளைக்கு இளம்பிள்ளை வாதம் வந்து, குணமாகி, மறுபடி நடக்கப் பழகிய நாட்களில் தகப்பனாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். தான் செய்தவற்றில் அந்தக் காட்சியைத்தான் மிகச் சிறந்ததாக அவர் நினைத்தாராம். இதைச் சொன்னபோது, செயற்கைக் கால் போட்ட மகனை வைத்திருக்கும் ஒரு தாய், “பாத்திருந்தாத்தான் அப்படி நடக்க வரும்” என்று மட்டும் சொன்னார்.

ஜப்பானியத் தளபதி சைட்டோவாக வருபவர் செசூ ஹயகாவா. அப்போது எழுபது வயதை நெருங்கியிருந்தார். இன்று பலருக்குத் தெரியாது, பேசாப்படக் காலத்தில் ஹொலிவூட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் அவரும் ஒருவர். 1915 இல் வந்த ஒரு படத்தால் ஒரேயடியாகப் புகழ் பெற்றவர். அவருடைய பேச்சாளர் வேடமில்லாத ஒரு பகுதி எனக்குப் பிடித்தது: இரண்டாம் உலக யுத்தக் காலம் முழுவதும் அவர் பிரான்சில் அகப்பட்டுக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் ஜப்பானில். தண்ணீர் வர்ணச் சித்திரங்கள் வரைந்து விற்றுச் சீவித்தார். குடும்பத்தைப் பல வருடங்கள் பார்க்கவேயில்லை. அவர் தன் வசனம் உள்ள பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்றும், அதனால் சைட்டோ கடைசியில் சாகிறான் என்பதே அவருக்குத் தெரியாது என்றும் ஒரு கதை உலாவுகிறது. சினிமாக்காரர் சொல்லும் கதை. பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

ஷியர்ஸாக நடித்த வில்லியம் ஹோல்டன்தான் சம்பளத்தில் முதலாமவர். நாவலில் ஷியர்ஸ் ஆங்கிலேயன். அமெரிக்க நட்சத்திரம் வேண்டும் என்பதற்காகப் பாத்திரத்தின் நாட்டையே மாற்றினார்கள். 300,000 டொலரும் வருமானத்தில் பத்து வீதமும் அவருக்குப் பேசப்பட்டது. முழுப் படத்தின் செலவே 30 இலட்சம் டொலருக்குள்தான்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். 1956 இன் கடைசியிலிருந்து பல மாதங்கள் படப்பிடிப்பு இலங்கையில் நடந்தது. பாலத்துக்குத் தெரிவான இடம் கித்துல்கல. கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்கினால் களனி கங்கைக் கரையில் இருக்கிறது. படத்தில் குவாய் நதியாக ஓடுவது எங்கள் களனி கங்கைதான். அது சும்மா ஓடும் ஆறு அல்ல. ஓர் இடைவேளையில் குளிக்க இறங்கிய இயக்குநர் லீனை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போக, இளம் நடிகர் ஜெப்ரி ஹோர்ன்தான் நீந்திக் காப்பாற்றினார். படப்பிடிப்புக்குப் போகும் வழியில் வாகன விபத்தில் உதவி இயக்குநர் ஒருவர் உயிரிழந்தார். ஒப்பனைக் கலைஞர் ஒருவர் படுகாயமடைந்தார்.

பேராதனைப் பூங்கா படத்தில் படையினரின் பயிற்சி இடமாக வருகிறது. இது வெறும் கற்பனையல்ல. 1944 ஏப்ரலிலிருந்து மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் உண்மையாகவே அந்தப் பூங்காவுக்குள் இருந்தது. பர்மாவில் நடந்த சண்டைக்கு இங்கிருந்துதான் கட்டளை போனது. நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் புல்லில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கிற இடம் அது.

அந்தப் படப்பிடிப்பில் உதவியாளராக ஓடியாடித் திரிந்த இளைஞர்களில் ஒருவர் காமினி பொன்சேகா. பின்னாளில் சிங்களத் திரையின் மாபெரும் நடிகர். 1979 இல் ‘சருங்கலே’ என்ற படத்தில் நடராஜா என்ற யாழ்ப்பாணத்துத் தமிழராக நடித்தவரும் அவரே. பின்பு 1990களில் வடகிழக்கு மாகாண ஆளுநராகவும் இருந்தார். இதைக் கேட்டதும் கம்பளை அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் காமினியின் பரம இரசிகை.

பாலம் மரத்தால் கட்டப்பட்டது. நானூறு அடிக்கு மேல் நீளம். மரங்களை இழுக்க யானைகள். இதைக் கட்ட இரண்டரை இலட்சம் டொலர் ஆயிற்று என்று விளம்பரத்தில் சொன்னார்கள். கணக்குப் புத்தகத்தின்படி 52,000 டொலர் சொச்சம்தான். திட்ட அறிக்கைகளோடு பழகிய எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

கட்டியதைத் தகர்க்க 1957 மார்ச் 10 ஆம் திகதி நாள் குறித்தார்கள். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்கவும் பரிவாரமும் பார்க்க அழைக்கப்பட்டிருந்தார்கள். ஒரே பாலம், ஒரே இரயில், ஒரே தடவைதான் எடுக்க முடியும். பல இடங்களில் கமெராக்களை வைத்துவிட்டு, ஒவ்வொரு கமெராக்காரரும் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் சைகை தரவேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் நேரத்துக்கு விலகவில்லை. அவருக்கு என்ன ஆயிற்றோ என்று லீன் வெடிக்க விடாமல் நிறுத்திவிட்டார். அதற்குள் புறப்பட்டிருந்த இரயில் பாலத்தைக் கடந்து, மறுபுறம் இருந்த மின்பிறப்பாக்கியில் போய் மோதியது. இரவோடிரவாக அதைச் சரிசெய்து தூக்கி நிறுத்தி, மறுநாள் காலைதான் பிரதமர் முன்னிலையில் பாலத்தைத் தகர்த்தார்கள். இலட்சக்கணக்கான பணத்தைவிட ஒரு மனிதன் எங்கே நிற்கிறான் என்பது பெரிதாகத் தெரிந்த அந்த ஒரு நிமிடத்துக்காக, கோபக்கார மனிதர் என்று பெயரெடுத்த லீன் மேல் எனக்கு மரியாதை வருகிறது. (அதே வருடம் ஜூலையில் பிரதமர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் அதையும் இல்லாமல் செய்தார். அது வேறு கதை.)

படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திரைக்கதைக்கான விருது மூல நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போனது. படத்திலும் அவர் பெயர்தான் இருந்தது. அவரோ ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதக்கூடியவர் அல்ல. எழுதியவர்கள் கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் என்ற இருவர். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களைக் கறுப்புப் பட்டியலில் போட்டு வேலை கொடுக்காமல் வைத்தார்கள். விசாரணைக்கு அழைத்து, உன்னோடு இருந்தவர்களின் பெயர்களைச் சொல் என்று கேட்பார்கள். சொல்ல மறுத்தால் உன் பிழைப்புப் போயிற்று. இதைக் குழுவில் எப்படி விளக்குவது என்று நான் சொல் தேடிக்கொண்டிருந்தபோது, “தலையாட்டி இருந்தவை எண்டு சொல்லுங்கோ மிஸ், விளங்கும்” என்றார் முல்லைத்தீவு அக்கா. எல்லோருக்கும் விளங்கியது.

ஆக இருவரும் பெயரில்லாமல் எழுதினார்கள். 1984 இல்தான் அக்கடமி அந்த விருதை உண்மையாக எழுதியவர்களுக்கே கொடுக்கத் தீர்மானித்தது. வில்சன் 1978 இலேயே இறந்துவிட்டார். போர்மனும் அந்த 1984 இலேயே காலமானார். விருதை வாங்கிக்கொண்டது அவர்களுடைய விதவை மனைவிமார். பிறகு வந்த பிரதிகளில் இருவரின் பெயரும் திரையில் சேர்க்கப்பட்டது. இறந்த மனிதனுக்கு ஒரு கடதாசியால் என்ன பயன் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் அப்படிக் கேட்கிறவர் ஒருவரும் இல்லை. மரண அத்தாட்சிப் பத்திரமா, 2016 சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழா, எதை எடுப்பது, எதையும் எடுக்காமல் இருப்பதா என்று வருடக்கணக்காக யோசிப்பவர்கள் அவர்கள். எடுத்தால் அவர் இல்லை என்று நானே கையெழுத்து வைத்த மாதிரி. எடுக்காவிட்டால் வங்கிப் புத்தகத்திலிருந்து காணி உறுதி வரை ஒன்றும் அசையாது.

கடதாசியைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, படத்தில் இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உண்மையான சயாம்-பர்மா இரயில் பாதை 415 கிலோமீற்றர் நீளம். 1942 இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டு யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். படம் அவர்களுடைய கதை. ஆனால் ஜப்பானியர் பிடித்துச் சென்ற ஆசியத் தொழிலாளர் அதைவிட மூன்று மடங்கு. ஏறக்குறைய இரண்டு இலட்சம். இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. பசி, மலேரியா, வாந்திபேதி. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் றப்பர் தோட்டத்துத் தமிழர்.

எங்கள் மலையகப் பாட்டன்மார் தலைமன்னார் வழியாக இங்கே வந்தார்கள். அதே ஊர்களிலிருந்து, அதே கங்காணிமாரின் பேச்சை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் மலாயாவில் இறங்கினார்கள். யார் எந்தக் கப்பலில் ஏறினார் என்பதுதான் வித்தியாசம். 1942க்குப் பிறகு அந்தத் தோட்டங்களுக்கு ஜப்பானியரின் ஆட்கள் வந்தார்கள். நல்ல கூலி, சாப்பாடு, கொஞ்ச மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். ஆள் சேராதபோது லொறிகளில் பிடித்து ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்து, கொட்டகை நிறைந்ததும் கதவை மூடி அப்படியே இரயிலில் ஏற்றிய சம்பவங்களையும் மலாயாவில் அந்தக் காலத்தைக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் சொன்ன நேரம் எங்கள் அறையில் ஒருவர் திரும்பி, திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

யுத்தக் கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. படைப் பிரிவு, இலக்கம் இருந்தது. காஞ்சனாபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளரை இறந்த இடத்தில் பாதை ஓரமாகப் புதைத்தார்கள், அல்லது எரித்தார்கள். தோட்டத்தில் இருந்த மனைவிக்குத் தகவல் சொல்ல ஒரு கந்தோரும் இருக்கவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலாக இதை எழுதினார். 2023 மே மாதத்தில், எண்பது வருடம் கழித்து, காஞ்சனாபுரியில் தமிழருக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது.

இதைக் கேட்டு ஹந்தானைப் பக்கத்து அக்கா ஒருவர், “நம்மாளுங்க அவ்வளவு பேரு செத்திருக்காங்க. படத்துல ஒரு மூஞ்சிகூட இல்லியே மிஸ். எடுத்தது நம்ம மலைக்குப் பக்கத்துலதானே?” என்றார். உண்மைதான். திரையில் ஆற்றுக்குக் குறுக்கே மரம் சுமப்பவர்கள் வெள்ளையர். அது மட்டுமல்ல. உண்மையான பாலத்தில் கைதிகளின் தலைவராக இருந்த கேணல் பிலிப் டூசி, தன் ஆட்களைக் காப்பாற்றவும் வேலையைத் தாமதப்படுத்தவும் பாடுபட்டவர். எதிரிக்கு நல்ல பாலம் கட்டிப் பெருமைப்பட்ட நிக்கல்சனைத் திரையில் கண்டு முன்னாள் கைதிகள் பலர் கோபப்பட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. உண்மையான பாலம் இருந்தது மெக்லோங் ஆற்றில். படத்தைப் பார்த்துவிட்டு வந்த உல்லாசப் பயணிகள் குவாய் நதி எங்கே என்று கேட்கத் தொடங்கியதால், 1960களில் தாய்லாந்தில் அந்த ஆற்றின் அப்பகுதிக்கே குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.

கதை முடிகிற இடத்தைப் பற்றி எங்கள் குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. கடைசிச் சண்டையில் மேஜர் வார்டன், தன்னோடு வந்தவர்களே விழுந்து கிடக்கும் இடத்தை நோக்கிக் குண்டு அடிக்கிறார். அவர்கள் உயிரோடு பிடிபடக்கூடாது என்பது நியாயம். அடித்துவிட்டுத் திரும்பினால் அந்த நாலு பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள். ஒரு வார்த்தை இல்லை. அவர் தான் ஏன் செய்தேன் என்று அவர்களிடம் விளக்கம் சொல்லத் தொடங்குகிறார். மொழி தெரியாத பெண்களிடம். “அவனுக்குத் தான் செய்தது என்னவென்று தெரியும், அதுதான் யாரும் கேட்காமலே விளக்கம் சொல்கிறான்” என்றார் கம்பளை அக்கா சிங்களத்தில். நான் தமிழில் சொன்னேன். முல்லைத்தீவு அக்கா தலையாட்டினார். இருவரும் முன்பு அதிகம் பேசிப் பார்த்ததில்லை.

போன ஞாயிறு பதினான்கு பேர் வாடகை பஸ் பிடித்துக் கித்துல்கல போனோம். முல்லைத்தீவு அக்கா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “பாலம் பார்க்கத்தானே போறம், பார்ப்பம்” என்று முதல் ஆளாக வந்து யன்னல் ஓரம் உட்கார்ந்தார். கினிகத்தேனையில் வழக்கம்போல மழை. வாடிவீட்டுச் சுவரில் படப்பிடிப்புக் கால நிழற்படங்கள் சில இருந்தன. பெரிய வீதியிலிருந்து ஒற்றையடிப் பாதை ஆற்றுக்கு இறங்குகிறது. வழி காட்டிய பையன் கையைக் காட்டிய இடத்தில் மிஞ்சியிருந்தது பாலத்தின் அத்திவாரக் கொங்கிறீற் மட்டும்தான். பாசி பிடித்திருந்தது. கீழே ரப்பர்ப் படகில் இளைஞர் கூட்டமொன்று கூச்சலிட்டுக்கொண்டு போனது. “இதுக்கா இவ்வளவு தூரம்?” என்று ஒருவர் சிரித்தார். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம்.

அங்கே உட்கார்ந்துதான் கேள்விக்கான பதிலைச் சொன்னேன். கதையில் அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை. பட்டியலில் நால்வருமே ‘சயாம் பெண்’தான். ஆனால் நடித்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, எழுதியும் இருக்கிறது. தாய்லாந்து நடிகைகள். முல்லைத்தீவு அக்கா கைப்பையைத் திறந்து, கணவரின் அடையாள அட்டைப் பிரதியும் முறைப்பாட்டு இலக்கங்களும் வைத்திருக்கும் கொப்பியை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, “தமிழிலை எழுதித் தாங்கோ” என்றார். விலாய்வன் சீபூன்ருவாங். ஙாம்தா சுபபோங்ஸ். ஜவனார்ட் புன்யஞ்சோதி. கண்ணிகார் டௌக்லீ. உச்சரிப்பு சரியோ தெரியாது என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

அவர் ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டி வாசித்தார். நாலாவதில் நின்றார்.

“கண்ணிகா. எங்கட பேர் மாதிரியெல்லோ இருக்கு.”

மழை மறுபடி தூறத் தொடங்கியது. கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்தார். நாங்கள் பஸ்ஸுக்கு ஏறினோம்.